நிற்கும் இடத்தின் வாடகை

ஜூலை 3, திங்கள்

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. அம்மா இதில் பால் கணக்கைக்கூட எழுதவில்லை. ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது, பி.காம் கடைசி வருடம், இனியாவது ஒழுங்காக இருப்போம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

புதிய பாடம் மேலாண்மைக் கணக்கியல். எஸ்தர் மேடம் எடுக்கிறார். "இதுவரைக்கும் நீங்க படிச்சது நடந்து முடிஞ்சத எழுதி வைக்கறது. இது, இனிமே என்ன பண்ணலாம்னு முதலாளிக்குச் சொல்றது" என்றார். கேட்டவுடனே பிடித்துவிட்டது. எழுதி வைப்பவர்கள் எழுதி வைக்கட்டும். நான் சொல்கிற ஆளாகப் போகிறேன்.

அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். சோறு நானே வடித்தேன், கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஜூலை 6, வியாழன்

அசைன்மென்ட் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்னத் தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் எந்தப் பிரிவு லாபம், எந்தப் பிரிவு நட்டம் என்று கணக்குப் போட்டு, முதலாளிக்கு ஆலோசனையும் எழுத வேண்டும். பத்து மார்க். ஷிவானி அவள் அப்பாவின் அரிசி ஆலையை எடுத்துக்கொண்டாள். எங்கள் அப்பா போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், அதை வைத்து என்ன எழுதுவது?

பஸ் ஸ்டாப்பில் இருக்கும் நல்லசிவம் அண்ணன் பேக்கரியை எடுத்தேன். தினமும் டவுன் பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்கிறேன். ஒரு பக்கம் பிரெட், பப்ஸ், கேக் வைத்த கண்ணாடிப் பெட்டி. நடுவில் டீ பாய்லர். வாசல் ஓரத்தில் மயிலாக்காவின் பஜ்ஜி அடுப்பு. மூன்று மணிக்குப் பற்ற வைத்தால் ஏழு மணி வரைக்கும் கூட்டம். எண்ணெயில் உதிரும் பஜ்ஜித் தூளை அக்கா ஒரு பேப்பரில் அள்ளி எனக்கு மட்டும் சும்மா தருவாள். அம்மாவோடு பழக்கம்.

அண்ணன் உடனே சரி என்றார். "எழுதிக்க அம்முணி. எழுதி முடிச்சு நமக்கும் ஒண்ணு காட்டு. எது ஓடுது எது ஓடலைன்னு கல்லாவுல ஒக்காந்திருக்கற எனக்கே தெரியலை" என்றார்.

ஜூலை 11, செவ்வாய்

நான்கு நாளாக பேக்கரியில் நோட்டும் கையுமாக நின்றதில் பஜ்ஜிக் கணக்கு முடிந்தது. மாதம் இருபத்தாறு நாள் அடுப்பு எரிகிறது. விற்பனை 31,200. மாவு, வாழைக்காய், எண்ணெய், கேஸ் எல்லாம் 17,200. மயிலாக்கா சம்பளம் 7,800. மிச்சம் 6,200.

அது போக, கடை முழுவதற்கும் பொதுவான வாடகை, கரண்ட், கூட்டிப் பெருக்குவது எல்லாம் சேர்த்து மாதம் 27,000. அதை மூன்று பிரிவுக்கும் பங்கு போட வேண்டும். விற்பனையை வைத்துப் பங்கு போட்டேன். கடையின் மொத்த விற்பனையில் பஜ்ஜி நூற்றுக்குப் பதினைந்து, ஆகவே அதன் பங்கு 4,050. அதைக் கழித்தாலும் 2,150 லாபம்.

மயிலாக்காவிடம் சொன்னேன். "பரவாயில்லையே, நானும் நாலு காசு சம்பாரிச்சுக் குடுக்கறேன்" என்று சிரித்தாள். இன்று தூளோடு ஒரு முழுப் பஜ்ஜியும் வைத்துவிட்டாள்.

அம்மாவின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது.

ஜூலை 14, வெள்ளி

ஷிவானியும் இன்னும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். ஷிவானியின் கார் வர நேரமாகும், பஜ்ஜி சாப்பிடலாம் என்றாள்.

மயிலாக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு அவர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "இது யாருன்னு நெனச்சீங்க? நம்ம ராசாமணி பொண்ணு. நானும் இவிய அம்மாவும் பத்து வருசம் ஒண்ணா மண்டபத்துல பாத்திரம் கழுவுனவிய. இவிய அம்மா கை பட்டா அண்டா கண்ணாடியாட்டம் ஆயிரும். எனக்குத்தான் கையெல்லாம் புண்ணாயி, டாக்டர் சோப்புத் தண்ணியே தொடக் கூடாதுன்னுட்டார். ராசாமணி இன்னும் போயிட்டுத்தான் இருக்கறா."

"உங்கம்மா கேட்டரிங் பண்றாங்கன்னு சொன்னே?" என்றாள் ஷிவானி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருத்தி அவசரமாக பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றாள்.

இதில் எழுத ஒன்றும் இல்லை. அக்கா கொடுத்த தூளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 16, ஞாயிறு

உட்கார்ந்து அசைன்மென்டைத் திருத்தினேன். யோசித்துப் பார்த்தால், வாடகையை விற்பனையை வைத்துப் பங்கு போடுவது சரியில்லை. வாடகை என்பது இடத்துக்குத்தானே? எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு பங்கு. புத்தகத்திலும் அப்படி ஒரு முறை இருக்கிறது.

சாயங்காலம் டேப் எடுத்துப் போய் அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு கிடையாது, மயிலாக்கா இல்லை, அளக்க வசதியாக இருந்தது. அடுப்பும் மேசையும் மட்டும் என்றால் கொஞ்ச இடம்தான். ஆனால் பஜ்ஜி வாங்குகிறவர்கள் அதன் எதிரில் நிற்கிறார்களே, அந்த இடத்தை யார் கணக்கில் எழுதுவது? அதையும் சேர்த்தேன். சரியாக மூன்றில் ஒரு பங்கு வந்தது. பஜ்ஜியின் பங்கு 9,000. அப்படியென்றால் மாதம் 2,800 நட்டம்.

ஆலோசனை: பஜ்ஜிப் பிரிவை மூடலாம்.

பழைய தாளை மடித்து டைரியின் பின்னட்டையில் செருகி வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம், ஏனோ கிழிக்கவில்லை.

நாளைக்கு ஆடி ஒன்று. இனி ஒரு மாதம் அம்மா வீட்டில்தான் இருப்பாள்.

ஜூலை 25, செவ்வாய்

பத்துக்குப் பத்து. எஸ்தர் மேடம் என் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டி, "வாடகைய இடத்த அளந்து பங்கு போட்டிருக்கா பாருங்க, இதுதான் உழைப்பு" என்றார். ஷிவானிக்கு ஏழு. அரிசி ஆலை முதலாளியின் மகள் ஏழு, நான் பத்து.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 27, வியாழன்

அட்டை போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து நல்லசிவம் அண்ணனிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் என் பெயர். ஆ. மோகனப்பிரியா, மூன்றாம் ஆண்டு பி.காம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இங்கிலீசுல இருக்குது, நீயே சொல்லம்மா" என்றார். சொன்னேன்.

"பஜ்ஜி நட்டமா? கூட்டம் அள்ளுதே" என்றார்.

"கூட்டம் வேற, லாபம் வேறங்கண்ணா" என்றேன். மேடத்தின் குரல் அப்படியே எனக்கு வந்திருந்தது.

அண்ணன் கடை ஓரத்தைப் பார்த்தார். மயிலாக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். "நாலு வருசமா இருக்கறாங்களே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கி கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.

அசைன்மென்ட்டை வைத்து யாராவது கடையை மாற்றுவார்களா? சும்மா படித்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அடுப்பு இல்லை. அந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். யாரும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. காலேஜ் லீவு. அம்மா புளிசாதம், தயிர்சாதம் கட்டினாள், ஆற்றுக்குப் போனோம். படித்துறையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்.

"மயிலாவ நிறுத்திப்போட்டாங்களாமா. பாவம், ஆடியில மண்டபமும் இல்ல. என்ன பண்ணுவாளோ தெரியல."

"எதுக்கு நிறுத்துனாங்களாம்?"

"கேட்டேன், சொல்ல மாட்டேங்கறா. வேணாம் விடு ராசாமணி, நாந்தான் சரியில்லைங்கறா."

தயிர்சாதத்தில் மாங்காய் ஊறுகாய் நன்றாக இருந்தது. நான் ஊறுகாயைப் பற்றிப் பேசினேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆவணி முதல் முகூர்த்தம். அம்மா விடிகாலையில் போய் சாயங்காலம் வந்தாள். மயிலாக்காவும் மண்டபத்துக்கு வந்திருந்தாளாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்று அம்மா கேட்டதற்கு, கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு கழுவினாளாம். மத்தியானத்துக்குள் கவர் கிழிந்துவிட்டதாம்.

"ரத்தம் வருது, வாயத் தொறக்க மாட்டேங்கறா" என்றாள் அம்மா.

இரண்டு பேர் கையையும் நினைத்தபடி ஒருத்தி கைக்கு எண்ணெய் தடவினேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

இன்றைய பாடத்தை எழுத வேண்டும். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எஸ்தர் மேடம் கரும்பலகையில் மூன்று பிரிவு போட்டார். அ, ஆ, இ. மூன்றாவது பிரிவு நட்டம் காட்டுகிறது. "மூடலாமா?" என்று கேட்டார். வகுப்பே மூடலாம் என்றது. நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"மூடுனா வாடகை குறையுமா?" என்றார் மேடம்.

மேடமே பதிலும் சொன்னார்.

"வாடகைங்கறது நிலையான செலவு. பிரிவ மூடுனாலும் கடைக்காரர் அதே வாடகையத்தான் கட்டணும். அப்ப நாம பாக்க வேண்டியது, அந்தப் பிரிவு தன்னோட சொந்தச் செலவு போக ஏதாவது மிச்சம் குடுக்குதா? குடுத்துச்சுன்னா அது அந்த வாடகையத் தாங்கிப் பிடிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம். அதுக்குப் பேரு பங்களிப்பு. பங்களிப்பு இருக்கற பிரிவ மூடுனா, நட்டம் போகாது, நட்டம் வரும்."

எனக்கு நோட்டில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. 6,200. மயிலாக்காவின் அடுப்பு மாதம் 6,200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் என்ன முறையில் பங்கு போட்டிருந்தாலும் சரி, அந்த 6,200 நிஜம். அந்த அடுப்பைத்தான் எடுக்கச் சொன்னேன்.

முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஷிவானி காய்ச்சலா என்று கேட்டாள்.

செப்டம்பர் 14, வியாழன்

மேடத்தைத் தனியாகப் பார்த்தேன். "மேடம், என்னோட பேக்கரி அசைன்மென்ட் தப்புதானே?" என்றேன்.

மேடம் யோசித்தார். "அந்த யூனிட்டுக்கு அது சரிதான். செலவப் பங்கு போடத் தெரியுதான்னுதான் பார்த்தேன். முடிவு எடுக்கறது இந்த யூனிட்லதானே வருது. மார்க் குறைக்க மாட்டேன், பயப்படாத."

"அதக் கடையில குடுத்துட்டேன் மேடம்."

"குடுத்துட்டயா?" கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "அசைன்மென்ட்ட யாராச்சும் நெஜமாவே கடையில குடுப்பாங்களா மோகனா?"

தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மேடத்தைக் குற்றம் சொல்ல மனம் வந்தது, முடியவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இப்போதெல்லாம் ஆறு மணி பஸ்ஸுக்கு நானும் ஒரு ஸ்கூல் டீச்சரும் மட்டும்தான் பேக்கரி வாசலில் நிற்கிறோம். முன்பு பஜ்ஜிக்கு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் டீயும் குடிப்பார்கள். நான் அளந்தேனே, அந்த நிற்கும் இடம். அங்கே நின்றவர்கள் கையில் ஒரு பக்கம் பஜ்ஜி, ஒரு பக்கம் டீ கிளாஸ். அது எனக்குத் தெரியாதா? மூன்று வருடம் அங்கேதானே நின்றேன்.

செப்டம்பர் 30

அண்ணனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கடையில் ஆளே இல்லை. அண்ணன் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே பேப்பரை வைத்து கேக் பெட்டி மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். புதுக் கணக்கை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தமிழில். எல்லாவற்றையும் விளக்கினேன்.

அண்ணன் திட்டவில்லை. திட்டுவார் என்று தைரியப்படுத்திக்கொண்டு போனவளுக்கு அது கஷ்டமாக இருந்தது.

"டீ நாப்பது கிளாஸ் கொறஞ்சு போச்சு தெனமும். மழையினாலன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "நீ என்ன பண்ணுவே அம்முணி, படிக்கற புள்ள. ஆனா அந்த அம்மா வராதே" என்றார்.

"கூப்புட்டுப் பாத்தீங்களாண்ணா?"

"மனசு கேக்காம பத்து நாள்லயே ஆள் உட்டேன். தீவாளி வரைக்குமாச்சும் வாங்கன்னு. வரலை. அனுப்பறப்ப நாந்தான் உன்ற புஸ்தகத்தக் காட்டுனேன். நான் சும்மா நிறுத்தலைங்க, நம்ம மோகனா எழுதிக் குடுத்துருக்குது பாருங்கன்னு. அந்தப் புள்ள போட்டாச் சரியாத்தான் இருக்கும்னு சொல்லிப்போட்டு, மாசம் ரெண்டாயிரத்து எட்டுநூறுன்னா நாலு வருசத்துக்கு எவ்வளவு ஆகுதுங்கண்ணான்னு கேட்டுது. எனக்குச் சங்கடமாப் போச்சு. கடைசி வாரச் சம்பளத்த நீட்டுனேன், கையில வாங்கலை. உங்களுக்கு நான் பண்ணுன நட்டத்துல அது எந்த மூலைக்குன்னு போட்டுப் போயிருச்சு."

ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து நானூறு. கேட்ட உடனே மனசுக்குள் பெருக்கிவிட்டேன். கணக்கு மட்டும் எனக்கு எப்போதும் வந்துவிடுகிறது.

"நீங்களே சொல்லுங்கண்ணா, நட்டம் இல்லைன்னு."

"நான் சொன்னா எரக்கப்பட்டுச் சொல்றேன்னுதான் நெனைக்கும். எழுதுனவ சொன்னாத்தான் நம்பும். நீ போயிச் சொல்லு. நாளைக்கே அடுப்பு வெக்கலாம்."

அந்தப் பாடம் அப்போது நடத்தவில்லைங்கண்ணா, அதனால்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அது பொய் இல்லை. பாடம் நடத்தவில்லைதான்.

அக்டோபர் 10

போகவில்லை. ரெக்கார்டு நோட் முடிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 15

மயிலாக்கா வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். வாசலில் அவள் செருப்பு கிடந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அண்ணன் கூப்பிட்டுப் பொரி, சுண்டல் கொடுத்தார். பஜ்ஜி அடுப்பையும் கழுவி, திருநீறு பூசி, பொட்டு வைத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தார். "சொன்னயா?" என்று கேட்டார்.

"தீவாளி கழிச்சுச் சொல்றேனுங்கண்ணா."

ஏன் தள்ளிப் போடுகிறேன் என்று இந்த டைரிக்காவது சொல்ல வேண்டும். போய், அக்கா, பாடம் தெரியாமல் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றால் அக்கா நம்பிவிடுவாள், மன்னித்தும்விடுவாள். அது நடந்தால் நான் தப்பித்துக்கொள்வேன். பின்னட்டையில் அந்தப் பழைய தாள் இருக்கிறது. பாடம் தெரியாமலே 2,150 லாபம் என்று நான் போட்ட தாள். அப்போது நான் பங்களிப்பும் படிக்கவில்லை, ஒன்றும் படிக்கவில்லை. இருந்தும் லாபம் என்றுதான் வந்தது. நட்டமாக்க வேண்டும் என்று டேப் எடுத்துக்கொண்டு போனவள் நான்.

எழுதிவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 16, வியாழன்

இன்றைக்கு மேலாண்மைக் கணக்கியல் தேர்வு. பதினெட்டாவது கேள்வி: ஒரு நிறுவனத்தின் மூன்று துறைகளில் மூன்றாவது துறை நட்டம் காட்டுகிறது, அதை மூடலாமா என்று காரணத்துடன் எழுதுக. பத்து மார்க்.

மூடக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வெளியே வந்து ஷிவானி விடையை ஒப்பிட்டுப் பார்த்தாள். "உனக்கு முழு மார்க்குடி" என்றாள். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

கார்த்திகை முகூர்த்தம். இன்று அம்மா எந்த மண்டபத்துக்குப் போகிறாள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குப் போனேன். முன்வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டினார்கள். சமையலறை வழியாகப் பின்பக்கம் போனேன்.

அம்மாவும் மயிலாக்காவும் இன்னும் மூன்று பெண்களும் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை இப்படி நான் பார்த்ததே இல்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்ன கண்ணு, அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லம்மா. மயிலாக்காகிட்டப் பேசணும்."

மயிலாக்கா நிமிரவில்லை. கையில் துணி சுற்றியிருந்தாள். "ஈரத்துல நிக்காத அம்முணி, வழுக்கும்" என்றாள்.

"அக்கா, நீங்க நட்டம் பண்ணலை. மாசம் ஆறாயிரத்து இருநூறு ரூபா உங்க அடுப்பு சம்பாரிச்சுக் குடுத்துச்சு. எல்லாச் செலவும் போக, உங்க சம்பளமும் போக. கடை வாடகைய நாந்தான் உங்க மேல ஏத்திக் காட்டுனேன். அடுப்ப எடுத்தாலும் அண்ணன் அதே வாடகையத்தான் கட்டறாரு. நீங்க போனதுலதான் அவருக்கு நட்டம்."

தேய்ப்பதை நிறுத்தினாள். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"நாலு வருசமுமா?"

"நாலு வருசமும்தானுங்க்கா."

எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேல் உட்கார்ந்தாள். கையில் சோப்பு என்பதால் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் நெனச்சுப் பாப்பேன் அம்முணி. எங்க எண்ணெய சாஸ்தி ஊத்துனேன், யாருக்குச் சும்மா குடுத்தேன்னு. உனக்குக் குடுத்த தூளக்கூட நெனச்சுப் பாத்தேன்."

பையில் கொண்டு வந்திருந்த பழைய தாளைத் தொட்டுப் பார்த்தேன்.

"சரி உடு. படிக்கற புள்ள, தெரியாமப் போட்டுட்டே. தப்பு வராதா?" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கதவைத் திறந்துவிட்டது அக்காதான், நான் வெளியே போயிருக்கலாம். பழைய தாளை எடுத்து நீட்டினேன்.

"தெரியாம இல்லைங்க்கா. மொதல்ல லாபம்னுதான் வந்துச்சு. உங்ககிட்டவே சொன்னேன். அப்பறம் நானே மாத்துனேன்."

"ஏன்?"

"ஷிவானி முன்னால அம்மாவப் பத்திச் சொன்னீங்களே. அம்மா பாத்திரம் கழுவறாங்கன்னு. அதனால."

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மயிலாக்கா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டு. அது எப்போதோ பளபளப்பாகிவிட்டது.

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே நெனப்பில்லயே" என்றாள் மயிலாக்கா. "நல்ல வெதமாத்தான் சொல்லியிருப்பேன்."

"நல்ல வெதமாத்தான் சொன்னீங்க்கா."

உள்ளே அடுத்த பந்தி முடிந்து எச்சில் தட்டுகள் வந்து இறங்கின. அம்மா முதல் முறையாகப் பேசினாள். "தள்ளி நில்லு. தண்ணி தெறிக்கும்."

சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்து, சோறு வடித்து, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்திருந்தேன். அம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்து தானே தடவிக்கொண்டாள். வலது கைக்கு இடது கையால், இடது கைக்கு வலது கையால். நான் தடவட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ படி" என்றாள்.

நவம்பர் 23, வியாழன்

அம்மா பேசுகிறாள். உப்பு வாங்கி வா, மோட்டாரை நிறுத்து, அப்பா போன் பண்ணினாரா. எண்ணெயைத் தானே தடவிக்கொள்கிறாள்.

நவம்பர் 28, செவ்வாய்

கடைசித் தேர்வு முடிந்தது. ஷிவானியும் மற்ற இருவரும் பஸ் ஸ்டாப்பில் போட்டோ எடுக்கலாம் என்று என்னோடு வந்தார்கள். தூரத்திலேயே எண்ணெய் வாசம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காணவில்லை. அந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து வருகிறாளாம். கல்லாவிலிருந்து அண்ணன் எனக்குத் தலையை ஆட்டினார்.

முறை வந்ததும் மயிலாக்கா எங்களை நிமிர்ந்து பார்த்தாள். கை ஆறவில்லை, கட்டுப் போட்டிருந்தாள். எல்லோரையும் கேட்பது போலவே கேட்டாள்.

"உனக்கு எத்தன பாப்பா?"

அம்முணி என்று சொல்லவில்லை. யார் என்று இவர்களுக்குச் சொல்லவும் இல்லை. இனி சொல்லவும் மாட்டாள். ஜூலையில் நான் ஆசைப்பட்டது இதுதான், கிடைத்துவிட்டது.

"ரெண்டுங்க்கா" என்றேன். பிறகு ஷிவானிக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "நான் ராசாமணி பொண்ணுங்க்கா. அம்மா இன்னைக்கும் மண்டபத்துல பாத்திரம் கழுவத்தான் போயிருக்கறாங்க."

ஷிவானி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"தெரியும்" என்றாள் மயிலாக்கா. கரண்டியால் இரண்டு பஜ்ஜியை எடுத்து எண்ணெயை வடித்து பேப்பரில் வைத்தாள். கரண்டியில் கொஞ்சம் தூளும் வந்தது. அதைத் தட்டித் திரும்ப எண்ணெய்க்கே விட்டாள்.

"பதினாறு ரூவா."

இருபது ரூபாய் கொடுத்தேன். மீதி நான்கு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். கணக்கு சரியாக இருந்தது.